சக்தி ஒன்றா, பலவா?

"உலகத்திலுள்ள எல்லாச் சக்திகளும் ஒரே சக்தியின் பல வடிவங்கள்தான் என்று இன்றைய விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கின்றார்கள். இதையேதான் நம் சாஸ்திரங்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே சொல்லிவிட்டன. ஆகையால் விஞ்ஞானமும் கடைசியில் பராசக்தியின் காலடிக்கே வந்து சேர்ந்துவிட்டது" என்பதாக ஒரு பேச்சு இப்பொழுது எங்கு பார்த்தாலும் நடமாடி வருகின்றது. கோவில் திருவிழாப் பிரசங்கங்களில் மாத்திரமல்ல. கைப்பேசியில் வரும் உபதேசங்களிலும், கட்டணம் வாங்கிக்கொண்டு தியானம் சொல்லிக்கொடுக்கும் கூடங்களிலும், பட்டம் பெற்றவர்களின் வாயிலும்கூட இது தாராளமாய்க் கேட்கின்றது.

இதைப்பற்றி நாம் எழுதப் புகுந்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கின்றது. முழுப் பொய்யை எவனும் ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் கண்டுகொள்ளுவான். பாதி உண்மையோடு கலந்த பொய்யோ படித்தவனையும் ஏய்த்துவிடும். இரண்டாவது, இந்தப் பாதி உண்மையை முதலாக வைத்தே பாமர மக்களிடமிருந்து பணம் பறிக்கப்பட்டு வருகின்றது. ஆகவே எந்தப் பாதி உண்மை, எந்தப் பாதி புளுகு என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டியது அவசியமென்று கருதுகின்றோம். இதற்கு வேதாந்தம் படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய கணக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் காரியத்தைக் கண்திறந்து பார்த்தால் போதும்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ரஸ்தாவில், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னதாக இருப்பது இருங்காட்டுக்கோட்டை. கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனியார் 1996-ல் இந்தியாவில் கம்பெனி ஏற்படுத்தி, இங்கே ஆலை கட்டி, 1998-ல் சாண்ட்ரோ என்னும் தங்கள் முதல் காரை விற்பனைக்கு விட்டார்கள். இன்று அந்த ஆலை வருஷம் ஒன்றுக்கு 8 லட்சம் கார்களுக்குமேல் செய்யத்தக்கதாய் வளர்ந்திருக்கின்றது. அதில் வேலை செய்கிறவர்கள் நம்முடைய ஊர்களிலிருந்து போன வாலிபர்கள்தான்.

ஒரு கார் ஆலைக்குள் என்ன நடக்கின்றது? கம்பியில் வந்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகின்றது. அந்தச் சுழற்சி, தகட்டை அமுக்கும் அழுத்தமாகின்றது. அமுக்குண்ட தகட்டில் கொஞ்சம் சூடு ஏறுகின்றது. இன்னொரு பக்கம் இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் வழியாய் மின்சாரத்தைச் செலுத்துகின்றார்கள்; அது உஷ்ணமாக மாறித் தகடுகளை உருக்கி ஒட்டுகின்றது; அப்போது பறக்கும் பொறியில் வெளிச்சமும் சத்தமும் இருக்கின்றன. மற்றோரிடத்தில் மின்சாரம் காரின் கூட்டை உயரத் தூக்குகின்றது. 2025 ஜனவரியில் விற்பனைக்கு வந்த கிரெட்டா எலெக்ட்ரிக் என்ற காரின் பேட்டரியில் ஏற்றும்போதோ, அதே மின்சாரம் ரசாயனமாக மாறி அடங்கிக் கிடக்கின்றது. மின்சாரம், அசைவு, உஷ்ணம், வெளிச்சம், சத்தம், உயரம், ரசாயனம் இத்தனையும் ஒரே கூரையின்கீழ் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கின்றன.

இந்த மின்சாரந்தான் எங்கிருந்து வந்தது? மேட்டூரில் விழுகின்ற தண்ணீரிலிருந்தும், நெய்வேலியில் தோண்டி எரிக்கின்ற பழுப்பு நிலக்கரியிலிருந்தும், கல்பாக்கத்தில் பிளக்கின்ற யுரேனியத்திலிருந்தும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கின்ற காற்றிலிருந்தும், கமுதியில் காய்கின்ற வெயிலிலிருந்தும் வருகின்றது. பிறந்த இடம் ஐந்து. பிறந்த விதம் ஐந்து. ஆனால் கம்பியில் ஏறின பிறகு இது மேட்டூர் மின்சாரம், உயர்ந்தது. இது நெய்வேலி மின்சாரம், தாழ்ந்தது என்று பிரித்துச் சொல்ல எந்தப் பஞ்சாங்கக்காரனாலும் ஆகாது. மீட்டர் ஒன்றே; யூனிட் ஒன்றே.

அந்த யூனிட்டைக்கொண்டே மற்றவற்றையும் அளக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய சக்தி சுமார் 9 யூனிட். மேலே சொன்ன மின்சாரக் காரின் பெரிய பேட்டரி கொள்ளுவது 51.4 யூனிட், அதாவது ஐந்தரை, ஆறு லிட்டர் பெட்ரோலுக்குச் சமானம். ஆறு லிட்டர் பெட்ரோல் போடும் தூரத்தைவிட அது மிக அதிக தூரம் போவதற்குக் காரணம் தெய்வச் செயலல்ல. பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைத்ததில் மூன்றிலொரு பாகமோ நாலிலொரு பாகமோ மட்டும் ஓட்டத்திற்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சூடாகக் காற்றில் விடுகின்றது. மின்சார மோட்டார் அவ்வளவு வீண் செய்வதில்லை. ஒரு தொழிலாளி ஒரு நாள் சாப்பிடும் ஆகாரத்தில் சுமார் 3 யூனிட் இருக்கின்றது. அதைக்கொண்டு எட்டு மணி நேரம் முதுகொடிய உழைத்தால் அவன் செய்யும் வேலை அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். பெட்ரோலையும் சோற்றையும் பேட்டரியையும் மனிதன் தோள்வலியையும் ஒரே தராசில் வைக்கலாம் என்பதே இதன் கருத்து. சக்தி ஒன்று என்று சொல்லப்படுவதில் உண்மையான பாதி இதுதான்.

இந்த உண்மையை யாராவது கண்ணை மூடி உட்கார்ந்து ஞானதிருஷ்டியில் கண்டார்களா? இல்லை. 1798-ல் மியூனிக் நகரத்துப் பீரங்கிச் சாலையில், பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது கிளம்பும் சூட்டைப் பார்த்த ரம்போர்டு என்பவர், துளையிடுகின்ற மட்டும் சூடு ஓயாமல் வருகின்றதே, ஆகையால் சூடு என்பது உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் வஸ்துவல்ல, அசைவேதான் அப்படி ஆகின்றது என்று வாதித்தார். 1840-ல் ஜாவாவுக்குப் போன டச்சுக் கப்பலில் வைத்தியராக இருந்த மேயர், வெப்ப நாட்டில் மாலுமிகளின் சிரை ரத்தம் அதிகச் சிவப்பாக இருப்பதைக் கண்டு, உடம்பு சூட்டுக்காக எரிக்கவேண்டியது அங்கே குறைவு என்றும், உணவும் சூடும் உழைப்பும் ஒரே கணக்கைச் சேர்ந்தவை என்றும் யோசித்து, 1842-ல் அதை வெளியிட்டார். மான்செஸ்டர் பக்கத்தில் பீர் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜூல் என்பவர் தண்ணீரில் துடுப்பைச் சுழலவிட்டு, எவ்வளவு பாரம் எவ்வளவு இறங்கினால் எவ்வளவு சூடு ஏறுகின்றது என்று வருஷக்கணக்காய் அளந்தார். இன்றைய அளவில் சொன்னால், 427 கிலோ எடை ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டிகிரி சூடு ஏறும். ஒரு பீரங்கிச் சாலை, ஒரு கப்பல், ஒரு பீர் காய்ச்சும் குடும்பம்! வேலை நடக்கும் இடத்திலிருந்து இந்த ஞானம் வந்ததே தவிர, வேலையைத் தொட்டால் தீட்டு என்று ஒதுங்கி உட்கார்ந்தவர்களிடத்திலிருந்து வரவில்லை.

நிற்க, புளுகான பாதி எது என்று பார்ப்போம். 'சக்தி' என்ற வார்த்தையே இந்தக் குழப்பத்திற்கு இடம் கொடுக்கின்றது. நம் நாட்டில் சக்தி என்றால் சூலம் பிடித்த ஒரு பெண் தெய்வம். நினைத்தால் கொடுக்கும், கோபித்தால் கெடுக்கும், பலி கொடுத்தால் சமாதானமாகும். விஞ்ஞானி சொல்லும் சக்தி (இன்று பள்ளிக்கூடப் புஸ்தகங்களில் ஆற்றல் என்று எழுதுகின்றார்கள்) அப்படி ஒரு ஆளும் அல்ல, ஒரு வஸ்துவும் அல்ல. அது ஒரு கணக்கு. வரவும் செலவும் ஒரு காசு பிசகாமல் சரிக்கட்டும் கணக்கு. ஒரு இடத்தில் குறைந்தால் மற்றோர் இடத்தில் அதே அளவு ஏறியிருக்க வேண்டும். பிரார்த்தனையால் கூடாது, சாபத்தால் குறையாது. பக்தனென்று ஒரு யூனிட் அதிகம் கொடுக்காது; நாத்திகனென்று ஒரு யூனிட் பிடித்துக்கொள்ளாது. தயவும் கோபமும் இல்லாத ஒன்றை எப்படிப் பராசக்தி என்று கும்பிடுவது என்று கேட்கின்றோம்.

அந்தக் கணக்கு ஏன் எப்போதும் சரியாக இருக்கின்றது என்பதற்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதைக் கண்டவர் ஒரு பெண். எம்மி நோத்தர் என்ற அந்த ஜெர்மானிய அம்மையார் 1918-ல் வெளியிட்ட தத்துவத்தின் சாரம் இது: இயற்கையின் விதிகள் நேற்று இருந்தபடியே இன்றும், இன்று இருப்பதுபோலவே நாளையும் இருக்கின்றனவென்றால், அந்த ஒரு காரணத்தினாலேயே சக்தியின் மொத்தக் கணக்கு மாறாமல் இருந்தே தீரும். அப்பேர்ப்பட்ட அறிவாளிக்குப் பெண் என்கின்ற காரணத்தினால் கெட்டிங்கன் சர்வகலாசாலையார் சொந்தப் பெயரில் பாடம் சொல்லும் உரிமையை 1919 வரையில் கொடுக்கவில்லை. ஹில்பர்ட் என்ற ஆண் ஆசிரியரின் பெயரைப் போட்டுக்கொண்டு பாடம் சொன்னார். பிறகு 1933-ல் யூதர் என்ற காரணத்திற்காக நாஜிகள் அவரை வேலையிலிருந்து தள்ளினார்கள்.

இந்த அம்மையாரின் தத்துவத்தை நம் ஊர்ப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம். தினம் ஒன்றரை மணி நேரம் ராகு காலம் என்றும், அந்த நேரத்தில் உலகம் வேறுவிதமாய் நடக்கும் என்றும் பஞ்சாங்கம் சொல்லுகின்றது. அது வாஸ்தவமானால் என்ன ஆகும்? திங்கட்கிழமை காலை ஏழரைக்குமேல் பாரம் கொஞ்சம் லேசாகிவிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். லேசாக இருக்கும்போது ஒரு கல்லை மேலே தூக்கி வைத்து, ஒன்பது மணிக்குமேல் பாரம் ஏறினவுடன் கீழே விட்டால், தூக்கச் செலவானதைவிட அதிகம் வரவு கிடைக்கும். அந்த லாபத்தைக்கொண்டே நெய்வேலியை மூடிவிட்டு ஊருக்கெல்லாம் விளக்கேற்றலாம்! அப்படி ஒரு யூனிட்கூட எங்கும் கிடைத்ததில்லை. சக்தியின் கணக்கு சரியாக இருக்கின்றதென்றால் காலத்தில் நல்லது கெட்டது கிடையாது என்பதே அர்த்தம். காலத்தில் நல்லது கெட்டது உண்டென்றால் கணக்கு சரியாக இராது. இரண்டையும் ஒருவன் ஒரே வாயால் சொல்லமுடியாது. "சக்தி ஒன்று என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது" என்று காலையில் பேசிவிட்டு, மாலையில் ராகு காலம் பார்த்து வீட்டைவிட்டுப் புறப்படுகின்றவர் இந்த இரண்டில் எதை நம்புகின்றார் என்று சொல்லட்டும்.

கார் வாங்குகின்றவர்கள் விஷயத்தையும் யோசியுங்கள். ஷிப்டு ஷிப்டாக ஓடுகின்ற ஆலையில் ராகு காலத்தில் வரிசை நிற்பதில்லை. ராகு காலத்தில் பற்றவைத்த தகடும், எமகண்டத்தில் முடுக்கின போல்ட்டும் இல்லாத கார் ஒன்றைக் காட்ட முடியுமா? அந்தக் காரைத்தான் நல்ல நேரம் பார்த்து எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டுகின்றார்கள். கார் ஓடுவது பெட்ரோலால் அல்லது பேட்டரியால், நிற்பது பிரேக்கால். எலுமிச்சம்பழத்தின் பங்கு எத்தனை யூனிட் என்று யாராவது கணக்குக் காட்டினால் நாமும் ஒரு கூடை வாங்கி வைத்துக்கொள்ளுவோம்.

1905-ல் ஐன்ஸ்டீன் இந்தக் கணக்கில் மற்றொரு பெரிய வரவைச் சேர்த்தார். அதுவரையில் பொருளின் எடை வேறு, சக்தி வேறு என்று இரண்டு பேரேடு இருந்தது. இரண்டும் ஒரே பேரேடுதான் என்றும், ஒரு கிராம் பொருள் முழுதும் சக்தியாக மாறினால் சுமார் இரண்டரைக் கோடி யூனிட் ஆகும் என்றும் அவர் காட்டினார். பேட்டரி நிறைந்த கார் காலிப் பேட்டரிக் காரைவிட எடையில் அதிகம். எவ்வளவு? ஒரு கிராமை ஐந்து லட்சம் பாகமாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய ஒரு பாகம். எந்தத் தராசிலும் தெரியாத இந்த அற்ப வித்தியாசத்தைக்கூட எண்ணாகச் சொல்லத் துணிகின்றது விஞ்ஞானம். "எல்லாம் ஒன்று" என்கின்ற சாஸ்திரத்தில் இப்படி ஒரு எண் உண்டா? ஒரு எண்ணாவது உண்டா?

எண் இல்லாத ஒன்றைப்பற்றி எத்தனை காலம் பேசினாலும் தீராது என்பதற்கு அத்தாட்சி இருங்காட்டுக்கோட்டைக்கு அடுத்தாற்போலவே இருக்கின்றது. ஸ்ரீபெரும்புதூர் இராமானுஜர் பிறந்த ஊர்; அவர் பிறந்தது 1017-ல் என்பார்கள். உள்ளது ஒன்றே, இரண்டில்லை என்றார் சங்கரர். ஒன்றுதான், ஆனால் ஜீவர்களையும் உலகத்தையும் உடம்பாகக் கொண்ட ஒன்று என்றார் இராமானுஜர். கடவுள் வேறு, ஜீவன் வேறு, இரண்டுதான் என்றார் மத்வர். மூன்று பேரும் ஒரே வேதத்திலிருந்துதான் எடுத்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களிடத்தில் இன்றுவரை இந்த வழக்குத் தீரவில்லை. ஏன் தீரவில்லை? "இப்படி நடந்தால் என் கொள்கை தோற்றது" என்று மூவரில் ஒருவரும் ஒரு பரீட்சையைச் சொல்லிவைக்கவில்லை. இராமானுஜர் கோபுரத்தின்மேல் ஏறி எல்லா ஜாதியாரும் கேட்கும்படி மந்திரத்தைச் சொன்னார் என்று அவரைப்பற்றி ஒரு கதை உண்டு. கதையானாலும் அந்த எண்ணம் நல்லதே. ஆனால் மந்திரம் எல்லோர் காதிலும் விழுந்தும், அது மெய்யா பொய்யா என்று பார்க்கும் வழி ஒருவர் கைக்கும் வரவில்லை.

விஞ்ஞானத்திலும் 'ஒன்றா, பலவா' என்ற வழக்கு உண்டு. அங்கே அது எப்படி நடக்கின்றது என்று பாருங்கள். சக்தியின் வடிவங்கள் ஒன்றுதான் என்பது போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டிலேயே தீர்ந்துவிட்டது. இப்பொழுதுள்ள வழக்கு, பொருள்களை இழுக்கவும் தள்ளவும் மாற்றவும் செய்கின்ற விசைகள் ஒன்றா, பலவா என்பது. கொல்லன் மகனாய்ப் பிறந்து, புஸ்தகம் கட்டும் கடையில் வேலை பழகிக்கொண்டே, கட்ட வந்த புஸ்தகங்களைப் படித்து அறிவாளியான பாரடே, 1831-ல் காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கினார். 1865-ல் மாக்ஸ்வெல் மின்சாரமும் காந்தமும் ஒன்று, வெளிச்சமும் அதுவே என்று கணக்கில் காட்டினார். சுமார் இருபது வருஷங்கழித்து ஹெர்ட்ஸ் அதைப் பரீட்சையில் நிரூபித்தார். அதே பாரடே, பூமி இழுக்கும் விசையும் மின்சாரமும் ஒன்றாக இருக்கலாமென்று நம்பிப் பரீட்சை செய்தார், பலிக்கவில்லை, பலிக்கவில்லை என்றே 1851-ல் அச்சிட்டு வெளியிட்டார். ஐன்ஸ்டீன் தம் ஆயுளின் பிற்பகுதி முழுவதையும் இதே முயற்சியில் செலவிட்டு 1955-ல் முடிவு காணாமலே இறந்தார். அவர் சொன்னதற்காக யாரும் அதை வேதவாக்காக ஏற்றுக்கொள்ளவில்லை.

அணுவின் கருவுக்குள் மெல்ல வேலை செய்யும் ஒரு விசையும் மின்சார விசையும் ஒன்றுதான் என்று கிளாஷோ, வைன்பர்க், அப்துஸ் சலாம் ஆகிய மூவர் கண்டு 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கண்டதோடு நிற்கவில்லை; இன்ன இன்ன எடையுள்ள புதுத் துகள்கள் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் கொள்கை பொய் என்று கழுத்தை நீட்டினார்கள். 1983-ல் ஜினீவா பக்கத்து ஆராய்ச்சிக் கூடத்தில் அவை அகப்பட்டன. ஒன்று புரோட்டானைப்போல் சுமார் 86 மடங்கு கனம், மற்றொன்று 97 மடங்கு. சலாம் கடவுள் நம்பிக்கை மிகுந்தவர், வைன்பர்க் நாத்திகர். இருவரும் தனித்தனியே ஒரே சமன்பாட்டுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். விசைகளை ஒன்றாக்கிய அந்தச் சலாமின் அகமதியா வகுப்பாரை அவர் பிறந்த ஜங் ஊர் அடங்கிய பாகிஸ்தானத்தார் 1974-ல் முஸ்லிம்கள் அல்ல என்று சட்டம் செய்து ஒதுக்கினார்கள். 1996-ல் அவர் இறந்த பிறகு கல்லறையில் பொறித்திருந்த 'முஸ்லிம்' என்ற வார்த்தையையும் சுரண்டி அழித்தார்கள். மதத்தின் யோக்கியதை எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்.

அதற்குமேலும் போய், இன்னும் ஒரு விசையைச் சேர்த்து மூன்றும் ஒன்றே என்ற கொள்கைகள் 1974-ல் பிறந்தன. அவற்றில் ஒன்றைச் சொன்னவர்கள் சலாமும், ஒரிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும். அந்தக் கொள்கைகளின்படி, அழியாதது என்று நினைத்திருந்த புரோட்டானும் என்றாவது ஒருநாள் உடைய வேண்டும். இதைப் பரீட்சிக்க உலகத்தில் முந்திக்கொண்ட இடங்களில் ஒன்று நம் கோலார் தங்கவயல். கர்நாடகத்தைச் சேர்ந்த இடமானாலும் அந்தச் சுரங்கங்களில் இறங்கி வெட்டினவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளிகள். ஊருக்குள் தீண்டாதவரென்று ஒதுக்கப்பட்டுப் பிழைப்புத் தேடிப் போனவர்கள். சிவசமுத்திரத்தில் விழும் காவேரித் தண்ணீர் 1902-லேயே மின்சாரமாகி அந்தச் சுரங்கத்திற்குத்தான் வந்தது. அந்த மக்கள் வெட்டின குழியில், 2 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1980 முதல் 140 டன் இரும்பை அடுக்கி வைத்து இந்திய, ஜப்பானிய விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள். ஆகாயத்திலிருந்து வரும் கதிர்களை மேலே உள்ள பாறை தடுத்துவிடும் என்பதற்காகவே அவ்வளவு ஆழம். ஒரு புரோட்டான் உடையக் கோடானுகோடி வருஷம் ஆகலாம். ஆனால் கோடானுகோடி புரோட்டான்களை ஒரே இடத்தில் குவித்து வைத்தால் வருஷத்திற்கு ஒன்றிரண்டாவது உடைய வேண்டும் என்பது யுக்தி.

புரோட்டான் உடைந்ததுபோல் தோன்றும் சில அடையாளங்கள் கிடைத்தன என்று கோலாரில் சொன்னார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதைவிடப் பெரிய தண்ணீர்த் தொட்டிகளை வைத்துப் பார்த்தார்கள், உறுதியாகவில்லை. இன்றுவரை ஒரு புரோட்டானும் உடைந்ததாக நிரூபணமில்லை. உடையுமானால் அதன் ஆயுள் 1-க்குப் பின் 34 சுழி போட்ட வருஷங்களுக்கும் அதிகம் என்று ஜப்பானியரின் அளவு காட்டுகின்றது. இதனால் 1974-ல் பிறந்த கொள்கைகளில் மிக எளியதாகவும் அழகாகவும் இருந்ததை விஞ்ஞானிகளே கைவிட்டார்கள். பூமி இழுக்கும் விசையோ இன்னும் மற்றவற்றோடு சேரவே இல்லை. ஆகவே "எல்லாம் ஒன்றென்று விஞ்ஞானம் முடிவு கட்டிவிட்டது" என்கின்ற பேச்சே பொய். 'ஒன்றாக இருக்கலாம்' என்று ஆசைப்படவும், இல்லையென்று தெரிந்த இடத்தில் அந்த ஆசையை விட்டுவிடவும் அவர்களுக்குத் தெரியும். விடத் தெரியாதவர்கள்தான் நம் மேடைகளில் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளுகின்றார்கள்.

இனி, இந்தப் புளுகினால் மக்களுக்கு வரும் நஷ்டத்தைப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு வித்திட்ட அதே 1996-ல், இராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் மூலிகையைப் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சினால் பெட்ரோல் ஆகின்றதென்று கிளம்பினார். பத்திரிகைகள் அவரைத் தலையில் வைத்துக் கூத்தாடின. டில்லி வரையில் பேர் போயிற்று. கட்டுப்பாடான பரீட்சையில் அது நிலைக்கவில்லை. ஆனால் பரீட்சை வரையில் போவதற்குமுன் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டிருந்தாலே போதும். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். அதை மறுபடி எரிக்க முடியாது. பத்துக் கிராம் காய்ந்த தழையில் அடங்கிய சக்தி ஒரு யூனிட்டில் இருபத்தைந்தில் ஒரு பாகம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வேண்டியது 9 யூனிட். மிச்சம் எங்கிருந்து வரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. கடையில் கணக்கு எழுதுகின்றவன் கேட்கக்கூடிய கேள்வி இது. எரிபொருளில்லாமல் ஓயாது ஓடும் யந்திரம் என்று சொல்லிக்கொண்டு வருகின்றவர்களின் மனுக்களைப் பார்ப்பதில்லை என்று பாரிஸ் விஞ்ஞான சபையார் 1775-லேயே தீர்மானித்துவிட்டார்கள். நம் நாட்டிலோ இன்றும் காந்தத்தால் தானாகச் சுற்றும் மோட்டார் என்றும், பிரபஞ்ச சக்தி ஏற்றின தண்ணீர் என்றும், சக்தி இறங்கும் தகடு என்றும் கடை போட்டு விற்கின்றார்கள். வாங்குகின்றவர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கி வாங்குகின்றவர்கள்.

ஆகையால் "எல்லாச் சக்தியும் ஒன்று" என்று சொல்லிக்கொண்டு எவர் உங்கள் வாசலுக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நீர் சொல்லும் சக்தி எத்தனை யூனிட்? இங்கே கூடினால் எங்கே குறைந்தது? எது நடந்தால் உம்முடைய கொள்கை பொய்யென்று ஒப்புக்கொள்ளுவீர்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுகின்றவரை உட்காரவைத்து மரியாதையோடு கேளுங்கள். பதில் சொல்லாமல் நம்பிக்கை வேண்டும், பக்குவம் வேண்டும் என்பவரிடம் காலணாவும் கொடுக்காதீர்கள்.

மற்றொரு கேள்வியும் இருக்கின்றது. எல்லாம் ஒன்று என்று ஆயிரம் வருஷத்திற்கு முன்பே தெரிந்துவிட்டதென்றால், அத்தனை காலமும் கிணறு ஏன் இரண்டாக இருந்தது? தெரு ஏன் இரண்டாக இருந்தது? சுடுகாடு ஏன் இன்றும் எத்தனையோ ஊர்களில் இரண்டாக இருக்கின்றது? ஐந்து இடத்து மின்சாரம் ஒரு கம்பியில் போவதை ஒப்புக்கொள்ளுகின்றவர்கள், இரண்டு தெரு மனிதர்கள் ஒரு வழியில் பிணம் தூக்கிப் போவதை ஒப்புக்கொள்ளாமல் 'எல்லாம் ஒன்று' என்பதில் என்ன நாணயம் இருக்கின்றது? வாயால் சொல்லும் ஒன்றுக்குச் செலவு ஒன்றுமில்லை. ஆகையால்தான் அது இத்தனை காலம் வாழ்ந்தது.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் மோட்டாரையும் பேட்டரியையும் தினமும் கையாளும் நம் தொழிலாளித் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவோம். மேயரும் ஜூலும் பாரடேயும் கண்ட விஷயம் உங்கள் கைக்கடியிலேயே நடக்கின்றது. அதன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்ததை உங்கள் ஊருக்குப் போகும்போது, நல்ல தமிழில், டீக்கடையிலும் படிப்பகத்திலும் மனைவி மக்களிடத்திலும் சொல்லுங்கள். வீட்டு மின்சார ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் எது எத்தனை யூனிட் தின்கின்றது என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை பிறகு தகடு விற்கின்றவனுக்கும் ராகு காலம் சொல்லுகின்றவனுக்கும் பதில் சொல்லிக்கொள்ளும்.